தள்ளுபடி ஆன கடன்

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். சொன்னவர் யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் இந்த அக்காவுக்கும் ஒரு தம்பி உண்டு. அவன் மெக்கானிக் கடை வைக்க வங்கியில் கடன் வாங்கினான். இவள் ஜாமீன் போட்டாள். கடை ஒரே வருஷத்தில் படுத்துவிட்டது. கடன் மட்டும் எழுந்து இவள் வீட்டுக்கு நடந்து வந்தது.

அந்தக் கடனுக்கு வீட்டில் 'மூத்தவன்' என்று பெயர். வைத்தவர் அவள் கணவர், பெயிண்ட் கடையில் டப்பா எடுத்துக் கொடுப்பவர். மகளுக்கு முன்னால் சாப்பிடுகிறவன் மூத்தவன்தானே என்பது அவர் நியாயம். சம்பளத்தன்று, "மூத்தவனுக்குப் போட்டாச்சா?" என்று கேட்பார். போட்டாகியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் கரைந்துவிடும் என்று வேலை முடிந்த கையோடு வங்கிக்குப் போய்க் கட்டிவிடுவாள். வாடகை, மளிகை, மகளின் படிப்பு எல்லாம் மிச்சத்தில்தான்.

கடை போனதும் தம்பி வெட்கப்பட்டு எங்கோ போய்விட்டான். வருஷம் ஒன்றாகியும் முகத்தைக் காட்டவில்லை. தாயில்லாத பிள்ளை, இவள் இடுப்பில் வளர்ந்தவன். மனசு கேட்காமல், தெரிந்தவர் மூலம் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினாள்: கடனை வங்கியே தள்ளுபடி செய்துவிட்டது, வீட்டுக்கு வா. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றான். அதன்பின் ஞாயிறு தவறியதில்லை. வயிறாரச் சாப்பிடுவான், மாமாவைக் கிண்டல் செய்வான், போவான். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நல்ல இடமா ஒரு கடை அமைஞ்சிருக்கு. லோனுக்கு நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு."

"கட்ட முடியலன்னா?"

"அதான் தள்ளுபடி பண்ணிடுவாங்களே! போன தடவை பண்ணலயா?"

கணவர் தொண்டையைச் செருமினார். அவள் பரிமாற எடுத்த கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தாள். உண்மையைச் சொன்னால் இவன் மறுபடியும் போய்விடுவான். இந்தத் தடவை கூப்பிட ஒரு பொய்யும் கைவசம் இல்லை. சொல்லாவிட்டால் மகள் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகமுடியாது.

"தள்ளுபடி பண்ணினது வங்கி இல்லடா. நாங்க. இன்னும் பண்ணிக்கிட்டுதான் இருக்கோம்."

தம்பி மாமாவைப் பார்த்தான். அவர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான். செருப்பை மாட்டும்போதும் நிமிரவில்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவனுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு அவள் அடுப்படியில் நின்று அழுதாள். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள். "இவ்வளவு நாள் மூடினதுதான் தப்பு" என்றார் கணவர்.

சம்பளத்தன்று வங்கிக்குப் போனபோது பணம் கட்டும் ஜன்னலருகே ஒரே சத்தம். கிரீஸ் படிந்த சட்டையோடு தம்பி, கையில் கொஞ்சம் பணம்.

"கடன் என்னோடதுங்க. கட்ட வந்தவனைப் போன்னு சொல்றீங்களே!"

"கணக்கு நம்பர் இல்லாம எதுலங்க வரவு வைக்கிறது?"

திரும்பினவன் அவளைக் கண்டான். "அக்கா, நம்பர் என்னக்கா?"

அவள் பாஸ்புக்கை எடுக்கப் பையைத் திறக்கவில்லை. அவ்வளவு நீள எண்ணையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தம்பி ஒரு இலக்கம்கூட எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.