மச்சினன் வீட்டுப் பனைக்கு வந்த குளிர்காலம்

எங்கள் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து கடிதம் வராது, கேசட்தான் வரும். என் மனைவியின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே வடக்கே ஏதோ ஒரு குளிர் ஊரில் வீடு வாங்கித் தங்கிவிட்டவன். எழுதுவதற்கு மகா சோம்பேறி. யாராவது புதுச்சேரிக்கு வந்தால் ஒரு கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவான். நாங்களும் கேட்டுவிட்டுப் பதில் பேசி அனுப்புவோம். எண்பதுகளில் ஒரு வருஷம், செப்டம்பரில் வேளாங்கண்ணிக் கொடி இறங்கிய கையோடு வந்த கேசட்டில் இப்படிப் பேசியிருந்தான்.

"மாமா, தோட்டத்துல ஒரு பனை வச்சிருக்கேன். நம்மூரு பனைக்குத் தம்பி மாதிரி இருக்குது. இடுப்பளவு ஒசரம், ஒடம்பு பூரா மயிரு. எந்தப் பனியையும் தாங்கும்னு வித்தவன் சொன்னான். வேலிக்கு அந்தாண்ட இருக்கற கெழவன், கிறிஸ்மஸ்குள்ள செத்துடும் மெஸ்யேன்னு சொல்லிச் சிரிக்கறான். இங்க குருத்தோலைத் திருநாளுக்கு ஓலை கெடையாது மாமா. மருதாணி மாதிரி ஒரு குச்சிய ஒடச்சிக் கையில குடுத்துடறாங்க. எனக்கு மனசு கேக்கல. வர்ற திருநாளுக்குச் சாமியார் கையில எங்க வூட்டு ஓலைதான்னு கோயில்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். மரம் செத்துச்சின்னா என் மானம் போச்சி. நீங்க பனை ஊர்க்காரங்க. ஒரு வழி சொல்லுங்க."

பனை ஊர்க்காரர்கள்தான். அதற்காக நாங்கள் என்றைக்காவது பனையை வளர்த்திருக்கிறோமா? அது தானாக முளைக்கும், தானாக வளரும், நாம் நுங்கு தின்போம். எங்களுக்குள்ள பழக்கம் அவ்வளவுதான். ஆனால் எங்கள் முத்தியால்பேட்டையில் யோசனை கேட்டு இல்லை என்று சொன்னவர் யாருமில்லை. தேங்காய் பறிக்க வருகிறவர் தூரில் உப்புப் போடச் சொன்னார். என்னோடு மில்லில் வேலை பார்த்தவர் ராத்திரியில் சாம்பிராணிப் புகை போடச் சொன்னார். நான் அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவோம் என்றேன்.

என் மனைவிதான் மடக்கினாள். "குளிருன்னா என்னான்னே நமக்குத் தெரியாது. மார்கழிப் பூசைக்கே நீங்க மப்ளர் சுத்திக்கினு போற ஆளு. தெரியாத விசயத்துக்கு எப்புடிங்க யோசனை சொல்றது? மொதல்ல பாத்துட்டுச் சொல்லுவோம்."

எங்களுக்குத் தெரிந்த பெரிய குளிர் ஒன்றுதான், மீனுக்குப் போடுகிற ஐஸ் பார். எங்கள் கிணற்றடியில் தானாக முளைத்த ஒரு பனங்கன்று இருந்தது. மச்சினன் எனக்கு ஆசையாகக் கொடுத்திருந்த பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு ஒன்றும் பெட்டியில் கிடந்தது. புதுச்சேரி வெயிலில் அதைப் போட்டால் நான் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று போடாமலே வைத்திருந்தேன். அந்தக் கோட்டைக் கன்றுக்கு மாட்டி, பொத்தான்களைப் போட்டு, கழுத்தில் என் மப்ளரைச் சுற்றினோம். மீன் வண்டிக்காரரிடம் சொல்லி ஐஸ் பார் வாங்கி உடைத்து, சுற்றிலும் குவித்துக் கோட்டுக்குள்ளும் திணித்தோம். பிறகு ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொன்னோம். மச்சினன் மரம் பிழைத்தால் மாதா கோயிலுக்கு ஒரு தென்னங்கன்று வைப்பதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னாண்ணே, கன்னுக்குக் காய்ச்சலா?"

"இல்லம்மா. பிரான்சுல இருக்கற மாதிரி வச்சிப் பாக்கறோம்."

"பாஸ்போட்டு எடுத்துட்டீங்களா?"

ஒரு வாரம் இப்படி நடந்தது. ஐஸ் வைத்த மாத்திரத்தில் தெருப் பிள்ளைகள் ஒரு பங்கை எடுத்துச் சப்பிக்கொண்டு ஓடுவார்கள், மிச்சத்தை வெயில் குடித்துவிடும். அது மீனோடு கிடந்த ஐஸ் என்பதால் கோட்டில் வஞ்சிர வாடை ஏறிவிட்டது. தெருவில் உள்ள பூனைகளெல்லாம் வந்து அந்தக் கோட்டைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. பிரசங்க நேரத்தில் எங்கள் கோயிலில்கூட அவ்வளவு பக்தியை நான் கண்டதில்லை.

வாரக் கடைசியில் கோட்டைக் கழற்றிக் குருத்தைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அடி கொழகொழவென்று அழுகி நாறியது.

என் மனைவி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, தம்பி மரமும் இப்புடித்தான் போயிடுமா? அத்தினி பேர் முன்னாடி சொல்லிட்டானே."

பிறகு அவளே எழுந்து வந்து கன்றைப் புரட்டிப் பார்த்தாள். ஐஸ் உரசிக்கொண்டிருந்த வெளி ஓலைகள் விறைப்பாகப் பச்சையாகவே இருந்தன. கோட்டுக்குள் ஐஸ் உருகித் தண்ணீர் தேங்கிய நடுக்குருத்துதான் போயிருந்தது.

"குளிரு கொல்லலீங்க," என்றாள். "தண்ணிதான் கொன்னுருக்கு."

நான் சட்டென்று எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் ஒத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பதில் கேசட் பேசினாள். "தம்பி, குளிர் வந்தா வரட்டும். தலையில தண்ணி நிக்கக் கூடாது. ஓலையெல்லாம் ஒண்ணா சேத்துத் தூக்கிக் கொண்டை போட்டுக் கட்டு. அடியில சருகு போடு. மேல சாக்கு சுத்து. உச்சியில ஒரு கொடை கட்டி வுடு. மாதா பாத்துக்குவாங்க." பின்னால் பூனை கத்துவதும் அதில் பதிவாகிவிட்டது.

மச்சினன் சொன்னபடியே செய்திருக்கிறான். சாக்கு போதாமல் தன் பெண்சாதியின் பழைய பூப்போட்ட கவுனையும் மேலே சுற்றியிருக்கிறான். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் அடுத்த கேசட் வந்தது. "மாமா, இருட்டுக் காலையில கெழவன் வெளிய வந்து, கொடைக்குக் கீழ நிக்கற மரத்தப் பாத்துத் யாரோ பொம்பளைன்னு நெனச்சித் தொப்பியக் கழட்டி, பொன்ழூர் மதாம்ங்கறான்! பனி இன்னும் வுடல. உள்ள உசுரு இருக்குதா இல்லியான்னு தெரியல. அவுத்துப் பாக்கவே பயமா இருக்குது."

அந்த வருஷம் எங்கள் குருத்தோலை ஊர்வலத்தில் என் மனைவி ஓலையைக் கையில் பிடித்திருந்தாளே தவிர நினைப்பெல்லாம் அங்கேதான். ஓசன்னா பாடும்போது வாய் மட்டும் அசைந்தது.

ஈஸ்டர் பாஸ்கா கழிந்து ஒரு போட்டோவும் கேசட்டும் வந்தன. போட்டோவில் ஒரு கோயில் வாசல். எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் குச்சியோடு நிற்கிறார்கள். நடுவில் பூசை உடுப்பில் ஒருவர், முகம் தெரியவில்லை. முகத்துக்கு நேரே விசிறி போல ஒரு பெரிய ஓலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கிழவர், தூறலில் சாமியாரை நனைய விட்டுவிட்டு, ஓலைக்கு மட்டும் குடை பிடிக்கிறார்.

"மரம் பொழச்சிடுச்சி மாமா," என்றது கேசட். "குருத்த வெட்ட மனசு வரல, அடி ஓலையத்தான் வெட்டினேன். கொடை புடிக்கறது நம்ம வேலிக் கெழவன்தான். ஓலை நனஞ்சா அழுவிடும், எங்கிட்ட குடுங்கன்னு வாங்கிக்கினான்."

"அந்தக் குளிர்ல சாமியாருக்கு விசிறியா!" என்று சொல்லி என் மனைவி சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் போட்டோவை மாதா படத்துக்குப் பின்னால், அந்த வருஷத்துக் குருத்தோலையில் மடித்த சிலுவையோடு சேர்த்துச் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை நேர்ச்சைத் தென்னங்கன்றைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினோம். பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுக்குக் கோட்டு கெடையாதா?"

"வேணாம்மா," என்றாள் என் மனைவி. "இது மாதா வூட்டுக்குப் போவுது. அங்க நல்ல வெயிலு."