எழுதத் தெரிந்த மகள்

என் மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் அவள் பேசுவதையெல்லாம் கூட்டினால் ஒரு கைப்பிடி தேறாது. சாப்பிட்டாயா என்றால் "ம்". பள்ளியில் என்ன நடந்தது என்றால் "ஒன்னும் இல்ல லா". அந்த வயசு அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஒரு சனிக்கிழமை புடவை பார்க்க வந்த இரண்டு பெண்கள், நான் விலை சொன்னதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதே குரல்டி," என்றாள் ஒருத்தி. "பெரட்டு ஆண்ட்டி!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்தான் தயங்கித் தயங்கித் தன் கைப்பேசியைக் காட்டினாள்.

திரையில் என் முகம் இல்லை. எங்கள் சமையலறைச் சுவர்தான் தெரிந்தது. குரல் என்னுடையது. "எந்திரி, பெரட்டுக்கு நேரமாச்சு!" மகளைப் பள்ளிக்கு எழுப்பும்போது தினமும் நான் சொல்வது. கீழே, தமிழை ஆங்கில எழுத்தில் குறுக்கி, அவள் எழுதியிருந்தாள்: "எங்கம்மா இன்னும் எஸ்டேட்டுலயே இருக்காங்க கைஸ்." முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சிரித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சுடச்சுடப் பதில் சொல்லியிருந்தாள். இவ்வளவு பேச்சும் இவளுக்குள்தான் இருந்ததா?

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பிந்திப் போனால், கணக்கெழுதும் கிராணி எல்லார் முன்னாலும் ஏசித் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பி வந்த என் அம்மா, கூடையைக்கூட இறக்காமல் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லில் சிரிக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன். "என் பேச்ச ஏன் ஊருக்குப் போட்டுக் காட்டுன?"

"சும்மா லா ம்மா. எல்லாரும் செய்றதுதான்."

"கடையில சிரிக்கிறாங்க. தலை நிமிர முடியல, மலுவா, அவமானமா இருக்கு."

கைப்பேசியில் அந்தப் பதிவை அழித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுவாரம் அதே கடைப்பெண் ஓடி வந்தாள். "அக்கா, ஒங்க மக எழுதியிருக்கறதப் பாருங்க. எனக்கு அழுகையே வந்திருச்சு."

நீளமாக எழுதியிருந்தாள். "எங்கம்மா பேசுறது அவங்க பொறந்த தோட்டத்துத் தமிழ். அத வச்சுச் சிரிச்சது தப்பு. அவங்க இல்லாம நான் இல்ல." இதயங்கள் கொட்டிக் கிடந்தன. நல்ல பிள்ளை என்று யார் யாரோ மெச்சியிருந்தார்கள்.

அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்து வைத்துக் காத்திருந்தேன். எழுதியதில் ஒரு வரியை என்னிடம் வாயால் சொன்னால் போதும் என்றிருந்தது. வந்தாள். கைப்பேசியைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ எழுதுனதப் படிச்சேன்."

சட்டென்று நிமிர்ந்தாள். "நல்லா இருக்கா ம்மா? நெறைய பேரு ஷேர் பண்ணிட்டாங்க."

"எல்லாருக்கும் சொல்லிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே."

அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அதான் எழுதிட்டேன்ல ம்மா," என்றாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் மூடிய கதவுக்குப் பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. நான் சம்பலை மூடி வைத்தேன். எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.