கைதட்டல் கிடைத்தது, மாடு வரவில்லை

கால்நடைத் துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஊசி போடுவதை நன்றாகக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னால்தான் விழிக்கிறார்கள். எனக்கு அந்தப் பிரச்சினை இருந்ததில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. நான் நன்றாகப் பேசுவேன்.

1. துண்டும் சோடாவும்

மதுரையில் கல்லூரியில் படிக்கும்போதே பட்டிமன்றங்களில் பேசிப் பேர் வாங்கியவன் நான். எந்த அணியில் உட்கார வைத்தாலும் பேசுவேன். கூட்டுக் குடும்பமே சிறந்தது என்று ஒரு மேடையில் ஜெயித்துவிட்டு, தனிக்குடித்தனமே சிறந்தது என்று அடுத்த மேடையில் கோப்பை வாங்கியதும் உண்டு. வேலை கிடைத்து உசிலம்பட்டிப் பக்கம் கால்நடை ஆய்வாளராகப் போனதும், எங்கள் டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பட்டிமன்றப் பேச்சாளராமே. நல்லதாப் போச்சு. ஊசிக் கூட்டமெல்லாம் இனிமே ஒன் தலையில" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. அந்த வருடம் கோமாரி ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தது. வாயிலும் குளம்பிலும் புண் வந்து, மாடு தின்னவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் போகும் நோய். மழையை மட்டுமே நம்பி விதைக்கிற சீமை அது. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் கொஞ்ச நாளைக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காளை நொண்டினால் அந்த வீட்டுக்கு அந்த வருட வெள்ளாமை போனது போனதுதான். எழுமலைக்குத் தெற்கே ஒரு ஊர் மட்டும் ஊசிக்குச் சம்மதிக்கவே இல்லை. பக்கத்து ஊர் வரை நோய் வந்துவிட்டது. என்னை அனுப்பினார்கள்.

சாயங்காலம் மாடுகள் திரும்புகிற நேரத்தில் ஊர்ப் பொதுப் பொட்டலான மந்தையில் கூட்டம். குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மைக்கைக் கையில் வாங்கியதும் எனக்கு ஊர், நோய், ஊசி எல்லாம் மறந்துவிட்டது, மேடை மட்டும்தான் நினைவில் இருந்தது. பசுவைத் தாய் என்றேன், லட்சுமி என்றேன். பெரியவர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசி வேண்டாம் என்கிறவர்களை ஒரு குட்டிக்கதை சொல்லி மடக்கினேன், கூட்டம் சிரித்தது. நடுவில் ஒரு பெண் எழுந்து, ஊசி போட்டால் பால் குறையுமா குறையாதா என்று கேட்டார். "பாலைப் பார்ப்பதா, பசுவைப் பார்ப்பதா?" என்று திருப்பிக் கேட்டேன். கைதட்டல் அடங்க நேரமானது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் எனக்குத் துண்டு போர்த்தி, சோடா உடைத்துக் கொடுத்தார். "பிரமாதமாப் பேசுனீக சார். வர்ற பொங்கலுக்கு நம்மூர்ல பட்டிமன்றம் வைக்கிறோம். நீங்கதான் வந்து பேசணும்" என்றார்.

மறுநாள் காலையில் ஐஸ் பெட்டியில் மருந்தோடு மந்தையில் காத்திருந்தேன். ஒரு மாடுகூட வரவில்லை. மாடுகள் எதிரே போய்க்கொண்டுதான் இருந்தன. ஓட்டிப் போனவர்கள் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஐஸ் கரைந்தது. மருந்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

2. கொட்டம் கொட்டமாக

பஸ்ஸில் வரும்போது அந்த ஊரை மனசுக்குள் நன்றாகத் திட்டித் தீர்த்தேன். உசிலம்பட்டி வந்து இறங்கும்போதுதான் அந்தப் பெண் உட்கார்ந்த விதம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் கேட்டது நேரான கேள்வி. எனக்குப் பதில் தெரியும். ஒரு மூன்று நாளைக்குப் பால் குறையத்தான் செய்யும். நான் அவரை ஜெயித்தேன், பதில் சொல்லவில்லை. பட்டிமன்றத்தில் அது போதும். அங்கே பேச்சு முடிந்ததும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. இங்கே பேச்சு முடிந்த பிறகுதான் வேலையே.

அடுத்த சில நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனேன். மைக் இல்லை, கூட்டம் இல்லை. ஒவ்வொரு மாட்டுக் கொட்டமாகப் போய், ஊசி ஏன் வேண்டாம் என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் உத்தியோகத்திலேயே அதைப்போல் சிரமமான வேலை நான் பார்த்ததில்லை. அவர்கள் ஒன்று சொல்லும்போதே எனக்கு நாக்கு நுனியில் பதில் வந்து நிற்கும்.

மூட நம்பிக்கை என்று நான் நினைத்தது எதுவுமே அங்கே இல்லை. போன தடவை யாரோ வந்து ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஊசி போட்டிருக்கிறார்கள். பால் குறைந்ததும், கன்றைக் குடிக்கவிட்டுவிட்டுத்தான் கறந்தாயா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் வீட்டுக்கு வீடு சண்டை. காளைகளுக்குக் கழுத்தில் போட்டது வீங்கி, நுகத்தடி வைக்க முடியாமல் உழவு நின்றிருக்கிறது. கூட்டத்தில் கேள்வி கேட்ட பெண்ணின் பெயர் ஒச்சம்மாள். புருஷனும் மனைவியும் கூலிக்குப் போய்ச் சேர்த்து வாங்கிய ஒரே பசு அவர்களுடையது. நிறைசினையாக இருந்த அந்தப் பசு ஊசி போட்ட சில நாளில், நாள் நிறையும் முன்பே செத்த கன்றைப் போட்டுவிட்டது. ஊசியால்தானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் போடுவதற்கு முன் சினையா என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. இப்போது அதே பசு மறுபடியும் நிறைசினை.

ஊர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

3. சேர்க்கச் சொன்ன வார்த்தை

இன்னொரு கூட்டம் கேட்டேன். என்ன பேசப் போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. பால் குறையும் என்று நானே மைக்கில் சொன்னால் எவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவான் என்றார். நல்ல மனிதர்தான். பல வருடம் ஊர் ஊராகக் கெஞ்சி அலுத்துப் போனவர்.

"சொல்லாமப் போட்டா மூணாம் நாள் அவங்களுக்கே தெரிஞ்சிரும் சார். அப்பறம் நம்மள ஊருக்குள்ள விட மாட்டாங்க" என்றேன். அவர் கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். காளைகளுக்கு நுகத்தடி படாத இடத்தில், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியில் போடலாம் என்று வழி சொன்னதும் அவர்தான்.

கூட்டத்துக்குப் போனால் தலைவர் என் காதோரம் வந்தார். "ஊசி போடாத மாட்டைச் சந்தைக்குள்ள விட மாட்டாகன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்க சார். அம்புட்டுப் பேரும் ஓடியாந்துருவாக."

அப்படி ஒரு உத்தரவே கிடையாது. சொல்லியிருந்தால் மாடுகள் வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கும் சபலம் தட்டியது. நல்ல காரியத்துக்குத்தானே என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் அடுத்த சந்தைக்கு யாராவது ஒருவர் ஊசி போடாத மாட்டை ஓட்டிப் போய் விற்றுவிட்டு வந்தால், நான் சொன்ன உண்மைகளும் சேர்ந்து பொய்யாகிவிடும். முடியாதுங்க என்று சொல்லிவிட்டு மைக்கை வாங்கினேன்.

4. ஒரே வார்த்தையில்

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொன்னேன். எதிரணி என்ன பேசும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது பட்டிமன்றக்காரனுக்குப் பழக்கம். அங்கே அதை உடைப்பதற்காக யோசிப்போம். இங்கே அவர்களே ஒப்புக்கொள்ளும்படி, ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். பால் சண்டையைச் சொன்னபோது பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. பிறகு ஊசியின் குறைகளைச் சொன்னேன். பால் குறையும், வீக்கம் வரும், போட்ட உடனே காவல் கிடைக்காது, ரெண்டு வாரம் ஆகும். அதற்கப்புறம்தான் பக்கத்து ஊரில் நான் பார்த்த நொண்டும் காளைகளைப் பற்றிச் சொன்னேன். கூட்டிச் சொல்லவில்லை. தாயும் லட்சுமியும் இந்தத் தடவை வரவே இல்லை.

ஒச்சம்மாள் எழுந்தார்.

"என் மாடு நெறசென சார். அதுக்கு ஊசி போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

மந்தை முழுக்க என்னைப் பார்த்தது. கூடாது என்று சொன்னால் ஆளாளுக்கு என் மாட்டுக்கும் வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்கள். டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயந்தேன் என்றே சொல்கிறேன்.

"கூடாதுக்கா. இப்பப் போடாதீங்க. கன்னு ஈன்ற பெறகு போட்டுக்கலாம்."

"அதுக்குள்ள நோவு வந்தா?"

"வரலாம். ஒங்க மாட்டுக்கு இப்ப என்னால காவல் குடுக்க முடியாது. சுத்தி இருக்கிற மாடுகதான் குடுக்கணும். அதுகளுக்கெல்லாம் ஊசி போட்டிருந்தா நோவு ஒங்க கொட்டம் வரைக்கும் வர்றது கொறையும். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

நாளைக் காலையில் மந்தையில் இருப்போம், போட விரும்புகிறவர்கள் ஓட்டி வாருங்கள், வேண்டாம் என்கிறவர்கள் மேல் வருத்தமில்லை என்று சொல்லி முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. சோடாவும் வரவில்லை. இதுவும் ஊற்றிக்கொண்டது என்று நினைத்தபடி ஜீப்பில் ஏறினேன்.

5. தெரியும் சார்

மறுநாள் நாங்கள் போனபோது மந்தையில் மாடுகள் நின்றன. முதல் ஆளாக ஒச்சம்மாள், பக்கத்து வீட்டு உழவு மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் பசுவை வீட்டிலேயே கட்டிப் போட்டிருந்தார். முந்தின நாள் கூட்டம் முடிந்ததும் அவர் வீடு வீடாகப் போனதைத் தலைவர் சொன்னார்.

"போடாதன்னு வாயத் தொறந்து சொன்ன மனுசன், போடுன்னு சொன்னா நம்பலாம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா சார். ஒங்க மாட்டுக்குப் போட்டாத்தான் என் மாட்டுக்குக் காவல்னு சண்டைக்கே போயிட்டா."

டாக்டர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஊசியை எடுத்தார். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் எந்தக் கோப்பை வாங்கியபோதும் இருந்ததில்லை.

ஊர் முழுக்க வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வராத வீடுகளும் இருந்தன. நோயும் வந்தது, சில மாடுகள் படுத்தன. பெரும்பாலான காளைகள் நின்றன. மழை பெய்ததும் ஊர் உழுதது.

பேசப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பேச்சை எழுதுவதற்கு முன் கேட்கப் போகிறவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அவர்களுடைய பயத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதகமான உண்மையை அவர்கள் கண்டுபிடிக்கும் வரை ஒளித்து வைக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள், மறுப்பதற்கும் இடம் விடுங்கள். முக்கியமாக, கைதட்டலை நம்பி ஐஸ் வாங்காதீர்கள்.

அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். ஒச்சம்மாள் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஒரு கிடேரிக் கன்று துள்ளிக்கொண்டு வந்தது. இப்போது போடலாமா என்று மட்டும் கேட்டார். போடலாம் என்றேன். இந்தத் தடவை அவர் பாலைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"மூணு நாளைக்குப் பால் கொறையும்க்கா."

"தெரியும் சார். போடுங்க" என்று கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.