கட்டின் அடியில் ஒரு பீலி

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே தண்ணீர் கசிந்தாலும் அங்கே ஒரு குழாயைச் சொருகிப் பீலி ஆக்கிவிடுவோம். மலையில் ஊறும் தண்ணீரை மூங்கிலாலோ குழாயாலோ இறக்கி, கீழே ஒரு கல்லைப் போட்டால் அதுதான் பீலி. குளிப்பு, துவைப்பு, ஊர்வம்பு எல்லாம் அங்கேதான் நடக்கும். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாங்கிய வீட்டில் மற்றதெல்லாம் இருந்தது, பீலி மட்டும் இல்லை. குழாய்த் தண்ணீர் தனக்கு மனம் வந்தபோது வரும். எனக்கு அது பெரிய குறையாகவே இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. மகாவலியில் போய்ச் சேருகிற ஓடைதான், ஆனால் மகாவலி பெருகினால் அது போன வழியே திரும்பி எங்களைப் பார்க்க வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஓடைக்கும் எங்கள் ஆறு வீடுகளுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேலான ஒரு மண்கட்டு. அதை யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. புல் மூடிக் கிடந்ததால் சும்மா ஒரு மேடு என்றே நினைத்திருந்தோம். நான் அதன் மேல் கொடி கட்டித் துணி காயப்போட்டேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா அதன் சரிவில் மரவள்ளி நட்டிருந்தார். அவரை எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்பார்கள், எனக்கும் ராத்தாதான்.

இரண்டாவது வருடம், சமைக்கிற குசினிக்கு நேர் பின்னால் கட்டின் அடியில் நிலம் ஈரமாகவே இருந்தது. நல்ல வெயிலிலும் காயவில்லை. கணவரிடம் சொன்னேன். அவரும் தோட்டத்து ஆள்தானே, இரண்டாம் பேச்சே இல்லை. மண்வெட்டியால் கட்டின் அடியை முழங்கை ஆழத்துக்கு வெட்டி, ஒரு பிவிசி குழாயைச் சொருகி, சுற்றிவரக் கல் அடுக்கினார். மறுநாள் காலையில் விரல் தடிப்புக்குத் தண்ணீர் விழுந்தது. அப்படி ஒரு தெளிவு. சூடம் கொளுத்தி, வெற்றிலை வைத்துக் கும்பிட்டுவிட்டு முதல் வாளியை நான்தான் பிடித்தேன். இரண்டாவது வாளியோடு ராத்தா நின்றார். அந்த மாதம் முடியுமுன் ஆறு வீட்டுக்கும் அதுதான் பீலி. பீலிக்காரி என்று என்னைக் கேலி செய்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் கட்டைப் பார்வையிட ஒரு பொறியியலாளர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டிக்கு மாற்றலாகி வந்து சில மாதந்தான் ஆகியிருந்தது. கட்டின் மேல் நடந்து வந்த பிள்ளை என் பீலியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டது.

"இது ஆர் போட்டது?"

"நாங்கதாங்க. வாங்க, குடிச்சுப் பாருங்க. அவ்வளவு நல்ல தண்ணி."

பிள்ளை குடிக்கவில்லை. ஒரு கண்ணாடிக் கிளாசைக் கேட்டு வாங்கி, தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"அக்கா, இது ஊத்துத் தண்ணி இல்லை. அங்கால ஓடையில ஓடுற தண்ணிதான் கட்டுக்குள்ளால இஞ்ச வருது. நீங்கள் கட்டின்ர காலை வெட்டிப்போட்டுக் குளிச்சுக்கொண்டு இருக்கிறியள்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வீட்டில் தண்ணீரைக் குறை சொன்னால் யாருக்குத்தான் வராது? அந்தப் பிள்ளை என் கோபத்தைக் கண்டுகொள்ளவில்லை, பொறுமையாகவே சொன்னது. மண்ணால் கட்டிய எந்தக் கட்டும் கொஞ்சம் கசியுமாம். வன்னியில் பெரிய குளங்களின் கட்டுகளும் அப்படித்தானாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை வருவது தண்ணீர் மட்டும். கலங்கி வந்தால் கட்டே உள்ளுக்குள் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு உடைய அதிக நேரம் எடுக்காது. மணலும் சல்லிக்கல்லும் கொண்டு வந்து அடியைப் பலப்படுத்தித் தருவதாகவும், அதுவரை குழாயில் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லி, தன் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தது. போகிற போக்கில் ராத்தாவின் மரவள்ளியையும் பிடுங்கச் சொன்னது. கிழங்குக்கு வரும் முள்ளம்பன்றி கட்டில் வளை தோண்டியிருந்ததாம்.

கை வைக்க வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா நான்? இத்தனை பேச்சுக் கேட்ட பீலி இனி எனக்கு வேண்டாம் என்று, அன்று பின்னேரமே குழாய்க்குள் துணியை அடைத்து, மேலே சீமெந்தும் பூசிவிட்டேன். கசிவு நின்றது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, எங்கட பின்கதவுப் படியில தண்ணி ஊறுது. இங்க ஒரு நாளும் இப்பிடி இல்லையே."

என் வீட்டில் அடைத்த தண்ணீர் அவர் வீட்டில் வழி தேடியிருக்கிறது. அவர் வீட்டில்தான் நடக்க முடியாத கணவர் கட்டிலில் படுத்திருக்கிறார். செய்ததை ராத்தாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. "என்ட மரவள்ளியும்தானே தங்கச்சி" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல ஏச்சு கிடைத்தது, அது எனக்கு வேண்டியதுதான். அடைப்பை எடுத்துவிடச் சொன்னது. எடுத்தேன். ஒரு நாளில் ராத்தாவின் படி காய்ந்தது. அந்த வாரமே ஆட்கள் வந்து முள்ளம்பன்றி வளையை மூடினார்கள். வெட்டிய இடத்தில் முதலில் மணல், அதன் மேல் சிறு சல்லி, அதன் மேல் பெரிய கல் என்று பரப்பினார்கள். தண்ணீர் போகலாம், மண் போகக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. குழாயின் வாயை மட்டும் வெளியே நீட்டி விட்டார்கள். கட்டின் முழு நீளத்துக்கும் அடியில் மண் போட்டுப் பலப்படுத்தும் வேலை மழை முடிந்த பிறகுதான் என்றார்கள்.

"அக்கா, நான் கண்டியில இருந்து ஒவ்வொரு நாளும் வரேலாது. நீங்கள்தான் தண்ணியின்ர நிறத்தைப் பாத்துச் சொல்லோணும்" என்றது பிள்ளை. துவைக்கலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "துவையுங்கோ, ஆனா பாத்துத் துவையுங்கோ" என்றது.

அந்த மழை வந்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஓடை கட்டின் முக்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தாலும், திறந்தால் போடத் துணி வேண்டுமே என்று ஐந்தாம் நாள் காலையில் மழை கொஞ்சம் தணிந்ததும் மகளின் வெள்ளைச் சட்டையைப் பீலிக்கு எடுத்துப் போனேன். சவர்க்காரம் போட்டுக் கசக்கி அலசினேன். சட்டை பழுப்பாக இருந்தது. எந்தச் சேற்றில் புரண்டாளோ என்று மகளை அங்கிருந்தே ஏசினேன். மறுபடி சவர்க்காரம் போட்டு அலசினேன். இன்னும் பழுப்பு. மூன்றாவது தடவை அலசியபோது, பால் விடாத பிளேன்டீயில் நனைத்த மாதிரி ஆகிவிட்டது சட்டை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுக்கு சட்டையில் இருந்து போகவில்லை, தண்ணீரில் இருந்து வருகிறது.

பயத்தை விடக் குற்ற உணர்ச்சிதான் பெரிதாக இருந்தது. ஆறு வீடு போகப்போகிறது, அதற்கு முதல் வெட்டு என் வீட்டு மண்வெட்டி போட்டது. பிள்ளைக்கு அழைப்பு எடுத்தேன். குரலே மாறிவிட்டது அதற்கு.

"கலங்கலோ? அடைக்காதேங்கோ அக்கா, ஒண்டும் செய்யாதேங்கோ. எல்லாரையும் மேல ரோட்டுக்கு ஏத்துங்கோ. நான் வாறன்."

கணவரும் அடுத்த வீட்டுக்காரரும் ராத்தாவின் கணவரைக் கதிரையில் உட்காரவைத்தே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அரை மணித்தியாலத்தில் லொறியில் மணல் மூட்டைகளோடு ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் வரும் இடத்தைச் சுற்றிக் கிணற்றுக் கட்டுப் போல மூட்டைகளை அடுக்கினார்கள். உள்ளே தண்ணீர் ஏறி நின்றால், அந்தப் பாரம் கட்டுக்குள்ளிருந்து வரும் தண்ணீரின் வேகத்தைத் தணிக்குமாம். மண்ணை இழுக்கும் பலம் அதற்கு இருக்காதாம். அடியில் இன்னும் மணலும் சல்லியும் கொட்டினார்கள்.

நாங்கள் ரோட்டில் குடைபிடித்தபடி நின்றோம். மத்தியானம் தாண்டியது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது பிள்ளை கீழே இருந்து ஏறி வந்தது. கையில் என் வீட்டுக் கிளாஸ். அதை ஒருவரிடமும் காட்டாமல் நேரே என்னிடம் நீட்டியது. தூக்கிப் பார்த்தேன். கிளாசுக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

"என்னால வந்த வினைங்க இது" என்றேன்.

"ஓம், வெட்டினது பிழைதான்" என்றது பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஆனா மற்ற அஞ்சு வீட்டிலயும் ஆரும் பின்பக்கம் போய்ப் பாக்கேல்லை அக்கா. இன்னும் ரெண்டு மணித்தியாலம் போயிருந்தா நான் வந்தும் பிரியோசனம் இல்லை."

மழை முடிந்ததும் சொன்னபடியே கட்டின் அடி முழுக்க மண் போட்டு அகலப்படுத்தினார்கள். என் துணிக்கொடி போயிற்று. ராத்தாவின் மரவள்ளி முன்வாசலுக்கு வந்தது. பீலியில் இப்போது யாரும் குளிப்பதில்லை, துவைப்பதும் இல்லை. குழாயை மட்டும் பார்ப்பதற்காக விட்டிருக்கிறார்கள், பார்ப்பது நான். மகளின் அந்தச் சட்டையில் முன்பக்கக் கறை போகவே இல்லை. துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்ட முதுகுப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதைத்தான் தினமும் பீலியில் நனைத்துப் பார்க்கிறேன்.

நேற்று முழுநாளும் மழை. ஆறு வீட்டிலும் எல்லோரும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். விடிந்ததும் துணியை நனைத்துப் பிழிந்து விரித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா மரவள்ளி அவித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நிறம் தங்கச்சி?"

"வெள்ளைங்க ராத்தா."

"அப்ப வாங்க, சாப்பிடுவோம்."