லேபல் இல்லாத வயலினுக்காக ஒன்பதாவது கடிதம்

"குற்றச்சாட்டு ஒன்று: 2024 ஆகஸ்ட் 17ஆம் திகதி, சனிக்கிழமை முற்பகல், நமுனுகுலயில் உள்ள தங்களது ஹோட்டலில், நான் ஒருபோதும் கூறாத கூற்றொன்று என் பெயருடன் கண்ணாடிப் பெட்டியொன்றின் மீது ஒட்டப்பட்டது."

இவ்வளவையும் எழுதியதும் யேசுரத்தினம் தாளைத் தூக்கிப் பார்க்கிறார். அடியில் கார்பன், அதனடியில் நகல், மறுபடி கார்பன், மறுபடி நகல். கடைசி நகலிலும் எழுத்து விழுந்திருந்தால்தான் அடுத்த வாக்கியம்.

"ஏங்க, இது ஒம்பதாவதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்கிறார் மனைவி மரியகொரட்டி. "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதுன காயிதத்துக்கே நகல் வச்சிருக்கிற மனுசன். அந்த மேனேஜர் பாவம்."

"அதுல ரெண்டுக்கு நீ இன்னும் பதில் போடல" என்கிறார் இவர், தலை நிமிராமல்.

பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றில் முப்பத்தொரு வருடம் பொதி கட்டும் பகுதியில் இருந்தவர். தேயிலைப் பெட்டிகளின் மேல் தோட்டத்தின் பெயரையும் தரத்தையும் மை தடவி அச்சடிப்பது அவருடைய வேலை. மாதா கோவில் பாடற்குழுவின் வயலின் ஒருநாள் விழுந்து வாய் பிளந்தபோது, அதை ஒட்டத் தெரிந்தவர் பதுளையில் எவருமில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனார். ஒட்டுவதற்கு முன் மூன்று மாதம் உள்ளே பார்த்துக்கொண்டேயிருந்தார். கற்றதெல்லாம் அப்படித்தான். இன்று மாவட்டத்தில் எவர் வீட்டில் பழைய வயலின் அகப்பட்டாலும் தொலைபேசி இவருக்கு வரும்.

சிறிய கைவிளக்கு, பூதக்கண்ணாடி, பசறைப் பல் வைத்தியர் கொடுத்த குட்டிக் கண்ணாடி: கருவிகள் இவைதாம். கண்ணாடி அன்பளிப்பே என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டும் கோப்பில் இருக்கிறது. எந்த வயலினைக் கையில் எடுத்தாலும், முதலில் உள்ளே ஒட்டியிருக்கும் லேபலை மெல்லிய துணியொன்றால் மூடிவிடுவார். "பேரைக் கடைசியிலதாங்க படிக்கணும். பெட்டி மேல நானே எத்தனை மார்க்கு அடிச்சிருக்கேன். நான் அடிச்சது தேயிலைக்குள்ள போயிடுச்சா என்ன?"

நமுனுகுலயின் பழைய தோட்டத் துரை பங்களா ஹோட்டலானபோது, சீலிங் பலகைக்கு மேலே வௌவால் எச்சத்துக்கிடையில் இரண்டு வயலின்கள் அகப்பட்டன. ஒன்றினுள் பழைய இத்தாலியப் பெயரும் 1713 என்ற ஆண்டும் அச்சிட்ட லேபல். மற்றதில் ஒன்றுமில்லை. யேசுரத்தினம் நான்கு நாட்கள் பார்த்து, நேரிலும் விளக்கிச் சொல்லி, பதினொரு பக்க அறிக்கை கொடுத்தார். முதலாவதன் விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோடு வெறும் சாயம். தாடை பட்டுத் தேய்ந்த இடத்தில் கோடும் தேய்ந்திருந்தது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த சாமான், முப்பதாயிரம் பெறும். இரண்டாவதில் அந்தக் கோடு, மரத்தைக் கீறி மரத்தாலேயே பதித்தது. உட்புறம் கண்ணுக்குத் தெரியாத மூலைகூட இழைத்து முடிக்கப்பட்டிருந்தது. எட்டு லட்சத்துக்குக் குறையாது. "யாரும் பாக்காத எடத்தைத் தேச்சிருக்கான் பாருங்க, அவன்தான் வேலைக்காரன்."

ஹோட்டல் முகாமையாளர் நிருபன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர், ஆனால் பதினொரு பக்கம் வாசிக்கிறவர் அல்லர். லேபல் உள்ளது கண்ணாடிப் பெட்டிக்குள் போனது: "இத்தாலி, 1713. உறுதிப்படுத்தியவர் திரு. யேசுரத்தினம்." லேபல் இல்லாதது அலங்காரமாகக் கணப்புக்கு மேலே, நெருப்பின் சூட்டில் தொங்கியது.

அவமானத்தைக்கூட அவர் பொறுத்திருப்பார். சூட்டைப் பொறுக்க முடியவில்லை. தேநீர் குடிக்கும் சாக்கில் இரண்டு முறை போய் அளந்தார். வயலினின் விலாவில், ஒட்டுப் பிரியும் இடத்தில், செப்டெம்பரில் நுழையாத தாள் நவம்பரில் நுழைந்தது. பதிவுத் தபாலில் எட்டுக் கடிதங்கள் போயின, பதில் இல்லை. ஒன்பதாவதைக் கையிலேயே கொண்டு போனார்.

"ஐயா, உங்கட கடிதமெல்லாம் கிடைச்சது" என்று சிரித்தார் நிருபன். "ஒருக்கா நேர வந்து சொல்லியிருக்கலாமே?"

"நேர்ல சொன்னதைத்தானே சார் மாத்தி ஒட்டிட்டீங்க."

"விருந்தாளியள் பாத்துச் சந்தோசப்படுகினம். ஆருக்கு நட்டம்?"

யேசுரத்தினம் நாற்காலியில் ஏறி, தொங்கிய வயலினின் விலாவில் ஒரு தாளை வைத்தார். தாள் தானாகவே பாதிவரை உள்ளே போய் நின்றது. "இந்தக் குளிர் முடியிறதுக்குள்ள மேல் பலகை வெடிச்சிடும், சார். அப்புறம் ஒட்டலாம். ஆனா பழைய சத்தம் திரும்ப வராது."

நிருபனின் சிரிப்பு நின்றது. தாளையும் வயலினையும் மாறி மாறிப் பார்த்தவர், தாமே அதைக் கழற்றி இறக்கினார். கண்ணாடிப் பெட்டிக்குப் போய் அட்டையை உரித்தெடுத்தார். "பிழை எங்களிலதான், ஐயா. பேரை எடுத்திட்டன். இதை நீங்களே கொண்டுபோய்த் திருத்துங்கோ. இனி நெருப்புக்குக் கிட்ட வைக்கமாட்டம்."

யேசுரத்தினம் கழுத்திலிருந்த மப்ளரைக் கழற்றி, வயலினைக் குழந்தையைப் போலச் சுற்றினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. புறப்பட்டுவிடுவார் என்றுதான் நிருபன் எண்ணினார். அவரோ மேசைக்கு எதிரே வசதியாக அமர்ந்து, வயலினை மடியில் வைத்துக்கொண்டு, தம் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றி முகாமையாளரின் பக்கம் நீட்டினார்.

"இப்ப சொன்னீங்களே, அந்த நாலு விசயத்தையும் எழுதிக் குடுத்துடுங்க, சார். திகதியும் போடுங்க. அவசரமில்ல, நான் இருக்கேன்."