தும்மலை விழுங்கிய மருது

உமையாளின் சீட்டைக் கிழித்தது ஒரே ஒரு தும்மல். மானகிரியில் சாலா ஆச்சி வீட்டில் முன்னோருக்குச் சமைத்து வைக்கும் படைப்பு நாள். அடுப்புக்குச் சூடம் காட்டுகிற நேரம் பார்த்து மூக்கு அரித்தது. போட்டாள் ஒன்று.

"ஏத்தா, செத்தவுகளை எழுப்பவா வந்த? மூக்கை வீட்டுல வச்சுட்டு வரத் தெரியாது?" என்றார் தலைமைச் சமையல்காரர் மருது. பத்துப் பேர் சிரித்தார்கள். அன்றைக்கு இலை கழுவப் போகச் சொன்னவர், அப்புறம் கூப்பிடவே இல்லை. பன்னிரண்டு வருடம் அவரிடம் தேங்காய் அரைத்தவள்.

உமையாள் அழவில்லை. நேராகக் காரைக்குடிக்கு டவுன் பஸ் ஏறி, மூக்கு டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"சளி சளின்னு எத்தனை வருசமா விட்டீங்க? இது அலர்ஜி. விட்டா மூக்குக்குள்ள சதை வளரும், காது அடைக்கும், ராத்தூக்கம் போகும். சிலருக்கு வீசிங் வரும், வாசனையே தெரியாமப் போகும்" என்றார் டாக்டரம்மா.

எழுதிக்கொடுத்த ஸ்ப்ரேயை உமையாள் ஒரு நாள் விடாமல் அடித்தாள். மூன்று மாதத்தில், பக்கத்து வீட்டில் வெந்தயம் வறுத்தால் இங்குட்டு மணந்தது. ஆனால் அவளைத் தூங்கவிடாத சந்தோஷம் வேறு. டாக்டரம்மா சொன்னது அத்தனையும் மருதுவுக்குப் பொருந்தியது. அவரும் தும்மல்காரர்தான். அபசகுனம் என்று மூக்கைப் பிடித்து உள்ளேயே விழுங்கிவிடுவார். எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் காதில் விழும். வாயைப் பிளந்துகொண்டுதான் மூச்சு. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். விழித்தால் எரிந்து விழுவார். ஊருக்கே மணம் சொல்கிற மூக்கு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்குமா?

திருக்கோஷ்டியூர்ப் பெருமாளிடம் உமையாள் ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டாள்: மருது அண்ணன் கண்ணில் எந்த டாக்டரும் பட்டுவிடக் கூடாது.

பெருமாள் கேட்டார். இரண்டு வருடம் கழித்து, ஆள் பற்றாமல் மருது அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அதே ஆச்சி வீடு, அதே படைப்பு.

படைக்கும் முன்னால் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. உப்பும் பதமும் மணத்தில்தான் தெரிய வேண்டும். மருது குனிந்து முகர்ந்து "சரி" என்றால் சட்டி இறங்கும். பாயசத்தில் அவர் ஒருத்தர்தான் கரண்டி போடுவார். அன்றைக்குப் பாயசத்துப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே கண் அசந்தார். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி மாதிரி ஒரு விசில்.

அடி பிடிக்கிற வாடை உமையாளுக்கு முதலில் வந்தது. எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. பின்கட்டு அடுப்பில் வேறு பால் வைத்துத் தனியாக ஒரு பாயசம் காய்ச்சி மூடினாள். அவள் பழி மருதுவோடு. ஆச்சி வீட்டுச் சனம் என்ன பாவம் செய்தது?

மருது விழித்தார், குனிந்தார், இழுத்து முகர்ந்தார். "சரி. நல்லா மணக்குது."

எடுபிடிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்றாள் உமையாள், தேன் போல.

படைப்பு அறையில் மூடியைத் திறந்த சாலா ஆச்சி முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "மருது, என்ன இந்த வாடை?"

"எந்த வாடை ஆச்சி?"

இரண்டு வருடமாக உமையாள் காத்திருந்தது இந்த மூன்று வார்த்தைக்குத்தான். போய்ப் பின்கட்டுச் சட்டியைத் தூக்கிவந்து வைத்தாள். ஆச்சி மணம் பிடித்துப் பார்த்தார். "இனிமே இந்த வீட்டுப் படைப்புக்கு நீயே வந்துரு ஆத்தா."

பந்தி முடிந்ததும் மருது பின்கட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"என் மூக்கு செத்துப்போனது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு வருசமாத் தெரியும்ணே. என் மூக்கைப் பாத்த டாக்டரம்மா சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னாச் சிரிப்பீகளே."

மருது தலை குனிந்தார். "அந்த டாக்டரம்மா எங்குட்டு இருக்காக?"

"சொல்றேன். மொதல்ல இந்தச் சட்டியைத் தேச்சு வைங்க."

எடுபிடிகள் பார்க்க, தலைமைச் சமையல்காரர் சாம்பலும் நாருமாகக் குத்தவைத்துத் தேய்த்தார். கருகல் வாடை போயிற்றா என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது? சட்டியை அவளிடம் நீட்டினார். உமையாள் நிதானமாகக் குனிந்து முகர்ந்தாள்.

"இன்னுங் கொஞ்சம்ணே."