சோற்றுக்கு மேற்கே உப்பு

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது தீப்பெட்டிதான். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கும் வேலைக்குப் பதினெட்டு வருஷமாகப் போகிறேன். என் மகன் பெங்களூரில் ஒடிசாப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் முடித்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. மிச்சம் இருந்தது இங்கிலீஷ். காலையில் பஸ்ஸில் போகும்போது போனில் பாடம் பார்ப்பேன். ஆபீசுக்குள் போனுக்கு அனுமதி கிடையாது. அதனால் கை பெட்டியை அடைக்க, வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டிக் இன் த பாக்ஸ். ஸ்டிக் ஆன் த பாக்ஸ். பாக்ஸ் அண்டர் த டேபிள்.

"ஏட்டி, தொரசாணி ஆயிட்டியோ?" என்பாள் பக்கத்தில் இருக்கிறவள்.

"ஆமா, தொரசாணிக்கு ஒரு டீ வாங்கிட்டு வா" என்பேன்.

விளையாட்டுக்குப் படிக்கவில்லை. மருமகளுக்கு ஆறாவது மாதம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம், ஆனால் அவளுக்குத் தாய் இல்லை. அப்போது நான்தானே பார்க்க வேண்டும்? மகன் போனில் சொன்னான்: "ம்மா, ஒரு வாரம் அங்கன வந்து இருந்து பாக்கட்டும். ஒத்துக்கிட்டா பிரசவம் அங்கனயே. இல்லைன்னா பெங்களூர்ல ஆள் வச்சுப் பாத்துக்கிடுதோம்." ஆள் வைத்தா! நான் எதற்கு இருக்கிறேன்? எங்கள் வீட்டில் வெயில் இறங்காத ரூம் வடக்கு ரூம் ஒன்றுதான். பிள்ளை பெற்று வந்து படுக்க அதற்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, சாத்தி வைத்தேன்.

மகன் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மறுநாளே கிளம்பினான். தன்னுடைய பழைய ரூமில் அவளைத் தங்க வைத்திருந்தான். நான் முதல் சாப்பாடு பரிமாறினேன்.

"சால்ட், வெஸ்ட் ஆஃப் ரைஸ்" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். உப்பை மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் கரிசல் காட்டுப் பக்கம் எல்லாமே திசைதான். இலையில் வைத்த உப்பும் திசை, உத்தரத்தில் தொங்கும் தூக்குச்சட்டியும் திசை. பாயில் கிடக்கிறவனிடம் "கொஞ்சம் தெக்க தள்ளிப் படுலே" என்போம். அதனால் பாடத்தில் ஈஸ்ட், வெஸ்ட், நார்த், சவுத் நான்கையும்தான் முதலில் நெட்டுருப் போட்டிருந்தேன். அவள் ஏன் டவலை எடுக்கச் சொன்னால் அடுப்படிச் சுவரைத் தடவுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. படித்த பிள்ளை, ஆனால் மந்தம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் குளிக்க இரண்டு வாளி வைத்தேன். "ஹாட் வாட்டர் சவுத், கோல்டு வாட்டர் நார்த்" என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவள் நேரே கொதிக்கிற வாளிக்குள் கையை விட்டாள்.

"ஏ மூதி! சவுத்து, சவுத்துன்னு எத்தனை தடவ சொல்லுதேன்!"

பயத்தில் வந்த கத்தல் அது. வார்த்தை அவளுக்குப் புரிந்திருக்காது, குரல் புரிந்துவிட்டது. விரல்களைப் பொத்திக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் மகன் போன் போட்டான்.

"ம்மா, அவ புதன்கிழமை வண்டிக்கே கெளம்புதாளாம். டிக்கெட் போட்டுட்டா."

"எதுக்குலே?" என்றேன்.

"வீட்டுக்குள்ள யாரும்மா கெழக்கு மேக்குன்னு சொல்லுதா? அவளுக்கு லெஃப்ட், ரைட்தான் தெரியும்."

"ஏலே, லெஃப்டுன்னா யாரு லெஃப்டு? அவ திரும்பி நின்னா அதுவும் மாறிப்போகும். கெழக்கு எங்கயாவது மாறுமா?"

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய" என்று வைத்துவிட்டான்.

ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். அந்தக் கதையாகத்தான் இருந்தது என் பிழைப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது.

விடிந்ததும் தேங்காய் எண்ணெயோடு போய் அவள் கதவைத் தட்டினேன். "சாரி" என்றேன். என் வீட்டுக்காரரிடம்கூட அந்த வார்த்தையை நான் சொன்னது கிடையாது. "ஷவுட்டிங், மை மிஸ்டேக்." அவள் கையை நீட்டினாள். எண்ணெய் தடவினேன். தடவி முடித்ததும், "ஆன்ட்டி, வேர் இஸ் ஈஸ்ட்?" என்று கேட்டாள்.

வாசலுக்குக் கூட்டிப் போனேன். பருத்திக் காட்டுக்கு மேலே சூரியன் கிளம்பிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். அவள் அதற்கு நேரே நின்று, இரண்டு கைகளையும் விரித்து, "திஸ் சவுத்?" என்று வலது கையை ஆட்டினாள். "எஸ்" என்றேன். அன்றிலிருந்து உப்பு, சீப்பு, துடைப்பம், பேபிக்கென்று நான் சாத்தி வைத்த ரூம் என்று ஒவ்வொன்றுக்கும் திசையைத் தமிழிலும் கேட்டாள். பாதி தப்பாகத்தான் சொன்னாள். நானும் இடது மணிக்கட்டில் நூல் கட்டிக்கொண்டு லெஃப்ட், ரைட் பழகினேன். புதன்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பையை மூடித் தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தாள். வழிக்குக் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

"அத்தை."

அதுவரை ஆன்ட்டிதான். திரும்பினேன். கடலைமிட்டாயை மென்றுகொண்டே, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"பை... வடக்கு ரூம்ல... வைங்க."

முப்பது வருஷமாக நான் கூட்டிப் பெருக்கும் வீடு. எது வடக்கு என்று எனக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.